தராசும் அளவு நாடாவும்

கால் வீங்கிப் பருத்த நிலையில், உடல் எடையும் மிகுந்து, வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் ஒருவருக்கு முதலில் சொல்லப்படுவதும், பல வேளைகளில் இறுதியாகச் சொல்லப்படுவதும், எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்ற ஒரே அறிவுரைதான். அதில் பொய் இல்லை. எனினும் அது பாதி மருத்துவம். நிணநீர் வீக்கம் எனப்படும் நாட்பட்ட கால்நோய் உள்ளவருக்கு எடைக் குறைப்பு பெருநன்மை தரக்கூடியது என்பதும், எடை குறைந்த பின்னரும் அந்தக் கால் தனக்கான பராமரிப்பை ஆயுள் முழுவதும் வேண்டி நிற்கும் என்பதும் ஒருசேர உண்மையானவை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பும்போது, முப்பது நாற்பது கிலோகிராம் குறைத்த பின்னும் தடித்தே நிற்கும் காலைப் பார்க்கும் நோயாளி, தம் முயற்சியில்தான் குறை என்று எண்ணிவிடுகிறார். அவ்வாறு எண்ண வைத்த பொறுப்பு, அரைகுறையாக அறிவுரை சொன்னவர்களையே சாரும்.

இதைப் புத்தளம் மாவட்டத்தில் வைத்துப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. யானைக்கால் நோய் நிலைகொண்டிருந்த இடங்களாக இலங்கையில் அடையாளங்காணப்பட்ட மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. வூச்சரேரியா பான்க்ரொஃப்டி என்ற நூல்போன்ற புழு, கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பின் கடியால் உடலுக்குள் புகுந்து, நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி அவற்றைச் சிதைப்பதால் வருவது அந்நோய். 1947இல் தொடங்கப்பட்ட யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கத்தின் நீண்ட உழைப்பும், 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொரு முறை அம்மாவட்டங்களின் மக்களுக்கு வழங்கப்பட்ட டயெதில்கார்பமசீன், அல்பெண்டசோல் மாத்திரைகளும் பரவலை அடக்கின. 2016இல் உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கை இந்நோயை ஒழித்துவிட்டதாக உறுதிப்படுத்தியது. பெருமைக்குரிய சாதனை அது. ஆயினும் பரவல் நின்றதால் முன்பே சிதைந்த நாளங்கள் மீண்டுவிடுவதில்லை. ஒழிப்பை உறுதிப்படுத்தும் விதிகளிலேயே, ஏற்கனவே கால் வீங்கியோருக்கான அடிப்படைப் பராமரிப்பு கிடைப்பதை நாடு காட்டவேண்டும் என்ற நிபந்தனையும் அடங்கியிருக்கிறது.

மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள நுரைச்சோலை, 2011இல் முதற்கட்டமாக இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற் கொள்ளளவை எட்டிய லக்விஜய அனல்மின் நிலையத்தால்தான் வெளியூராருக்குத் தெரிந்த பெயராயிற்று. உள்ளூராருக்கு அது மணற்தரையில் கிணற்றுநீர் இறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கும் மண். கரைவலை இழுத்தும் கருவாடு காயவைத்தும் பிழைக்கும் கரை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினருக்கு இடமளித்த மாவட்டத்தின் ஒரு பகுதி. ஈரமணலிலும் உப்புநீரிலும் வெறுங்காலோடு நிற்பவர்களும், கடையிலும் முச்சக்கர வண்டியிலும் காவல் வேலையிலும் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்களும் அங்கே ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். இத்தகைய ஊரில் வீங்கிய கால் என்றதும் யானைக்கால் என்ற பெயரே முதலில் வாயில் வருவது இயல்பு. இரத்தப் பரிசோதனையில் புழு இல்லை என்று தெரிந்ததும், யானைக்கால் இல்லை, போய் எடையைக் குறையுங்கள் என்று அனுப்பப்படும் ஒருவர், அதன்பின் எந்தக் கிளினிக்கிற்கும் உரியவர் அல்லாதவராக ஆகிவிடும் ஆபத்து அங்கிருந்தே தொடங்குகிறது.

நோயின் உள்ளமைப்பை விளங்கிக்கொண்டால்தான் எடைக்கும் காலுக்கும் உள்ள உறவு தெளியும். மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் வழியே குருதியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் நீர் கசிந்து இழையங்களுக்கிடையே சேர்கிறது. இதில் பெரும்பகுதி மீண்டும் குருதிக் குழாய்களாலேயே உறிஞ்சப்படும் என்றுதான் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பாடநூல்கள் எழுதின. பிரித்தானிய உடற்றொழிலியலாளர்களான லெவிக்கும் மிச்செலும் 2010இல் வெளியிட்ட மறுஆய்வு, பெரும்பாலான இழையங்களில் கசிந்த நீர் அனைத்தையும் திருப்பிக் கொண்டுசெல்லும் வேலை நிணநீர் நாளங்களுடையதே என்று நிறுவியது. அந்த நாளங்கள் புழுவாலோ, புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ, திரும்பத் திரும்ப வந்த கிருமித்தொற்றாலோ, பிறவிக் குறைபாட்டாலோ கெட்டுப்போனால், புரதம் செறிந்த நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ந்துகொண்டே இருக்க வடிகால் மட்டும் தூர்ந்துபோன நிலை அது. தொடக்கத்தில் இரவு படுத்து எழுந்தால் வற்றும் வீக்கம், பின்னர் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கமாகி, நாரிழையமும் கொழுப்பும் உள்ளே படிந்தபின் அழுத்தினாலும் அமுங்காத தடிப்பாக மாறுகிறது. காலின் இரண்டாம் விரலின் அடிப்பகுதித் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்க முடியாதிருப்பது இந்நோயின் நம்பத்தக்க அடையாளம். ஸ்டெம்மர் என்பவரின் பெயரால் வழங்கும் இச்சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை, எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

கொழுப்பு உள்ளே படிகிறது என்ற செய்தியில்தான் பலருக்கும் தெரியாத முடிச்சு இருக்கிறது. தேங்கிய நிணநீர் கொழுப்புக் கலங்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. நிணநீர் நாளங்கள் கசியும் மரபுக் குறைபாடுள்ள எலிகள் வளர்ந்தபின் கொழுத்துப்போவதை 2005இல் நேச்சர் ஜெனெற்றிக்ஸ் ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. சுவீடனின் மல்மோ நகரில் ஹோகன் புரோர்சன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், நாட்பட்டு இறுகிய நிணநீர் வீக்கத்தின் பருமனில் நீரைவிடக் கொழுப்பே மேலோங்கியிருப்பதைக் கண்டு, அதை உறிஞ்சி அகற்றும் சிகிச்சையைப் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்தார். இவ்வாறு நோயால் படிந்த கொழுப்பு, உணவைக் குறைத்தால் வயிற்றிலும் முகத்திலும் கரையும் கொழுப்பைப்போல எளிதில் கரைவதில்லை. மறுதிசையிலும் உறவு உண்டு: மிகுந்த பருமனே நிணநீர் நாளங்களைக் கெடுக்கும். அமெரிக்காவின் பொஸ்டன் நகர மருத்துவர் ஆரின் கிரீனும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், கால் பருத்த 15 பேரின் நிணநீர் ஓட்டத்தைக் கதிரியக்கப் படத்தில் பார்த்தபோது, உடற்திணிவுச் சுட்டி 59ஐத் தாண்டியோர் அனைவருக்கும் ஓட்டம் கெட்டிருந்தது, 54க்குக் கீழ் இருந்தோர் எவருக்கும் கெடவில்லை. கிளினிக் கொப்பியில் பி.எம்.ஐ. என்று எழுதப்படும் இச்சுட்டி, கிலோகிராமிலுள்ள எடையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 59 என்பது ஏறத்தாழ 151 கிலோகிராம். அத்தகைய எடையை நம் ஊர்களில் அரிதாகவே காணலாம். ஆனால் புழுவாலோ தொற்றாலோ முன்பே நலிந்த நாளங்களுக்கு அவ்வளவு பாரம் தேவையில்லை. 90, 100 கிலோகிராமிலேயே அவை தளர்ந்துவிடக்கூடும்.

கிரீனின் குழு 2015இல் வெளியிட்ட இன்னொரு குறிப்பு மேலும் சிந்திக்கத்தக்கது. பருமனால் நிணநீர் வீக்கம் வந்த ஒருவர் மிகப் பெருமளவு எடையை இழந்த பின்னரும் அவருடைய நிணநீர் ஓட்டம் சீராகவில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப்பின் கை வீங்கிய, எடை மிகுந்த 351 பெண்களை ஓராண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வும் 2019இல் இதே திசையில்தான் பேசியது: உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைந்தது, இரு கைகளின் பருமன் வேறுபாடு குறையவில்லை. இலண்டனில் 2007இல் நடந்த மிகச் சிறிய ஆய்வொன்றில் எடை குறைந்தோரின் கை வீக்கமும் குறைந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆளுக்கு ஆள், நோயின் வயதுக்கு ஏற்ப, விளைவு வேறுபடுகிறது என்பதே நேர்மையான விடை.

அப்படியானால் எடையைக் குறைப்பதால் காலுக்கு என்ன பயன் என்ற கேள்வி எழும். வயிற்றின் பாரம் தொடை இடுக்கில் அழுத்துவது குறைவதால் குருதி நாளங்களுக்கும் நிணநீருக்கும் வழி இளகுகிறது. மூட்டுவலி தணிந்து நடை கூடுகிறது. நடக்கும்போது சுருங்கி விரியும் கெண்டைக்கால் தசையே நிணநீரை மேலேற்றும் பம்பியாக இருப்பதால் நடை கூடினால் ஓட்டமும் கூடுகிறது. தோல் மடிப்புகள் குறைந்து கழுவித் துடைப்பது எளிதாகிறது. நீரிழிவு அடங்கினால் தொற்றும் அடங்குகிறது. இவை சிறிய பயன்கள் அல்ல. காலில் திரும்பத் திரும்ப வரும் தோலடிக் கிருமித்தொற்றைப் பென்சிலின் கொண்டு தடுக்க முயன்று 2013இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், உடற்திணிவுச் சுட்டி 33ஐ எட்டியவர்களுக்கும் முன்பே கால் வீங்கியிருந்தவர்களுக்கும் மருந்து குறைந்த பயனையே தந்தது. குறைந்த எடையில் மருந்தும் நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இதில் இடமுண்டு.

எடை குறைப்போர் ஒவ்வொரு வாரமும் நாடுவது தராசை. கால் நோயாளியைப் பொறுத்தவரை தராசைப்போல ஏமாற்றும் கருவி வேறில்லை. முழங்காலுக்குக் கீழே 30 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சுற்றளவு 40 சென்ரிமீற்றரிலிருந்து 50 ஆகக் கூடினால், அந்தப் பகுதி மட்டும் 2 லீற்றருக்கு மேல் பருத்துவிட்டது என்பது சாதாரணக் கணக்கு. அதன் எடை 2 கிலோகிராமுக்கு மேல். தொடையும் பாதமும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே ஒருவர் உண்மையாகவே கொழுப்பை இழந்துகொண்டிருக்கும் வாரத்தில், வெயிலிலும் நெடும் பஸ் பயணத்திலும் கால் வீங்கியதால் தராசு ஏறி நிற்கலாம். மறுபுறம், உணவைக் கடுமையாகக் குறைத்த முதல் வாரத்தில் ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த மாச்சத்தோடு பிணைந்த நீர் வெளியேறியதையே பெரும் வெற்றியாகக் கருதிவிடலாம். துணி தைப்பவர் வைத்திருக்கும் அளவு நாடாவால், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி 4 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறித்த புள்ளிகளில், காலை நேரத்தில், இரு கால்களையும் அளந்து எழுதிவைத்தால், எடை எவ்வளவு குறைந்தது, கால் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் பிரித்தறியலாம். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்து பார்ப்பதுதான் நம்பிக்கை இழப்பின் தொடக்கம்.

நாடா இன்றியமையாததாகும் இன்னொரு இடம் அழுத்தக் காலுறை. பல அடுக்குத் துணிக்கட்டால் வீக்கத்தை வற்றவைத்தபின், வற்றிய காலின் அளவுக்கு இறுக்கமாகப் பின்னப்பட்ட உறையை அணிந்து அந்த அளவைக் காப்பதே இந்நோய்க்கான சிகிச்சையின் முதுகெலும்பு. அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவில் கால் வீக்கமும் தொடர்தொற்றும் உள்ள 84 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அழுத்தச் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் மீண்டும் தொற்று வந்தது. வேறுபாடு மிகத் தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பெருமளவு எடை இழப்பவருக்கு இந்த உறையே சிக்கலாகிவிடும். இரண்டு மூன்று மாதங்களில் தொடை மெலிந்து உறை தளர்ந்தால் அது நழுவி முழங்காலுக்குப் பின்னே சுருண்டு, கயிறு கட்டியதுபோல் ஓரிடத்தில் இறுக்கி, கீழே உள்ள காலை முன்னிலும் வீங்கவைக்கும். எடை குறையும் காலத்தில் உறைக்கான அளவு திரும்பத் திரும்ப எடுக்கப்படவேண்டும் என்பது இதனால்தான். ஒரு சோடி வாங்குவதே பெரும்பாடாக இருக்கும் வீட்டில், நன்றாக உழைத்து எடை குறைத்ததற்குப் பரிசாக இன்னொரு சோடியின் செலவு வந்து நிற்கிறது. அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒட்டுப்பட்டி உறைகள் இந்த இடைக்காலத்துக்கு மிகப் பொருத்தமானவை. மெலியும் காலுக்கு ஏற்பப் பட்டியை இழுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

உணவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை, ஆனால் சொல்லவேண்டியது கண்டிப்பானது. நிணநீர் வீக்கத்தைக் கரைக்கும் சிறப்பு உணவு என்று ஒன்றில்லை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் புரதத்தைக் காலிலேயே விட்டு நீரை மட்டும் இழுப்பதால் இந்நோய்க்கு உதவுவதில்லை. கஞ்சியையும் பழச்சாற்றையும் மட்டும் குடித்து எடை இறக்கும் முயற்சி தீங்கானது; குருதியில் புரதம் குறைந்தால் நீர் கசிவது கூடும், கெண்டைக்கால் தசையும் உருகும். நுரைச்சோலையின் நல்வாய்ப்பு, மீன் அங்கே எளிதில் கிடைப்பது. இருவேளை மீன், பருப்பு, முட்டை, கீரை என்று வைத்துக்கொண்டு, சோறு, பாண், கொத்துரொட்டி, நாளொன்றுக்குப் பல தடவை சீனி போட்டுக் குடிக்கும் பிளேன்டீ ஆகியவற்றைக் குறைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுவது என்பதால் அதை மீனுக்கு ஈடாகக் கொள்ளக்கூடாது. திருமண வீட்டில் சஹன் எனும் பெருந்தட்டில் ஆறுபேர் ஒன்றாகக் கைவைத்து உண்ணும்போது ஒருவர் மட்டும் குறைத்து உண்பது எவ்வளவு கடினம் என்பதை அங்குள்ள முஸ்லிம் சமூகம் அறியும். உடன் அமர்ந்திருப்பவர்கள் வற்புறுத்தாதிருப்பதும் ஒருவகை உதவி. நோன்பு மாதத்தில் உண்ணும் நேரம் குறைவதால் எடையும் குறையும் என்று எதிர்பார்ப்போர், இஃப்தாரின் எண்ணெய்ப் பலகாரங்களால் அதை இழந்துவிடுகிறார்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவு குறையும்போது மருந்தின் அளவும் மாறவேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டறியாவிட்டால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அண்மைக் காலத்தில் ஊசிமருந்துகள் எடைக் குறைப்பின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. செமாக்ளூட்டைட் மருந்து 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதத்தையும், டிர்செபட்டைட் தன் உச்ச அளவில் 72 வாரங்களில் 21 சதவீதத்தையும் ஒட்டிய எடையைக் குறைத்ததை 2021, 2022ஆம் ஆண்டுகளின் பெரும் ஆய்வுகள் காட்டின. 120 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 18 முதல் 25 கிலோகிராம். செமாக்ளூட்டைட்டை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்ததையும், இழக்கும் எடையில் ஒரு பகுதி தசையாகவே போவதையும் இவற்றையொட்டிய ஆய்வுகள் காட்டின. பசி அடங்கிவிடுவதால் புரதமும் குறைந்துவிடும் என்பதே கால் நோயாளிக்கு இதில் உள்ள தனி ஆபத்து. தசையைக் காக்கப் பாரம் தூக்கும் பயிற்சி வேண்டும்; அது வீக்கத்தைக் கூட்டும் என்ற பழைய அச்சம், கை வீங்கிய 141 பெண்களிடம் படிப்படியாகப் பாரத்தைக் கூட்டிப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வால் நீங்கிவிட்டது. அழுத்த உறையை அணிந்துகொண்டு, மெல்லத் தொடங்கிக் கூட்டுவதே விதி.

காலைக் காப்பதில் எல்லாவற்றிலும் மலிவானதும் எல்லாவற்றிலும் புறக்கணிக்கப்படுவதும் தோல். குளிர்காய்ச்சலோடு தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து கொதிக்கும் தாக்குதல்களுக்குக் காரணம் பெரும்பாலும் பற்றீரியா. அவை உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் கால்விரல் இடுக்கின் சேற்றுப்புண். ஒவ்வொரு தாக்குதலும் இன்னும் சில நாளங்களைக் கெடுத்துவிட்டே அடங்கும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் கெருசா டிரேயர் என்ற மருத்துவர், சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு காலைக் கழுவி, விரல் இடுக்குகளை உலர்த்தி, புண்ணுக்கு மருந்திடும் எளிய ஒழுங்கால் இத்தாக்குதல்கள் வெகுவாகக் குறைவதைக் காட்டிய பின்னரே, உலகெங்கும் யானைக்கால் நோயாளிகளின் பராமரிப்புக்கு அதுவே அடிப்படையாயிற்று. கேரளத்தின் காசர்கோட்டில் மருத்துவர் எஸ். ஆர். நரஹரி 1999இல் தொடங்கிய தோல்நோய் நிறுவனம், இதே கழுவலோடு ஆயுர்வேத மூலிகைப் பூச்சையும் யோகப் பயிற்சியையும் அழுத்தக் கட்டையும் இணைத்து, வீட்டில் குடும்பத்தாரே செய்யக்கூடிய முறையாக வளர்த்தது. தமிழும் மலையாளமும் வழங்கும் ஊர்களின் வீட்டுச் சூழலுக்குள் நின்றே இச்சிகிச்சை நடக்கமுடியும் என்பதற்கு அது அருகிலுள்ள சான்று.

நுரைச்சோலையில் இந்த ஒழுங்குக்கு ஏற்கனவே ஒரு தளம் அமைந்திருக்கிறது. ஐவேளைத் தொழுகைக்காக வுழூ எனும் தூய்மைக் கழுவலைச் செய்பவர், காலை நாளுக்கு ஐந்து முறை கணுக்கால் வரை கழுவுகிறார். கால்விரல் இடுக்குகளில் கைவிரலை விட்டுக் கோதிக் கழுவுவதும் சுன்னத்தாகப் போற்றப்படுகிறது. கிருமி நுழையும் அதே இடத்தை மார்க்கம் ஐந்து முறை கவனிக்கச் செய்திருக்க, நோயாளி கூடுதலாகச் செய்யவேண்டியது ஒன்றுதான்: கழுவியபின் ஒவ்வோர் இடுக்கையும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது. ஈரத்தோடு செருப்புக்குள் போகும் கால், கழுவாத காலைவிட எளிதில் சேற்றுப்புண்ணுக்கு இடங்கொடுக்கும். பள்ளிவாசலின் கால்கழுவும் இடத்தில் தனித்தனித் துணி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஜும்ஆப் பிரசங்கத்தில் ஒருமுறை எடுத்துச் சொன்னால், கையேடுகள் செய்யாத வேலையை அது செய்யும்.

அழுத்தக் காலுறையும் வுழூவும் மோதும் இடம் இதைவிட நுட்பமானது. இறுக்கமான உறையை ஐந்து முறை கழற்றி மாட்டுவது, முதுமையாலோ பருமனாலோ குனியமுடியாத ஒருவருக்கு ஏறத்தாழ இயலாத செயல். ஆகவே பலர் உறையையே கைவிட்டுவிடுகிறார்கள், மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லக் கூசி மௌனமாகவும் இருந்துவிடுகிறார்கள். காயக்கட்டின் மீது ஈரக்கையால் தடவும் சலுகையும், நிபந்தனைகளுக்கு உட்பட்ட காலுறைகளின் மீது ஊரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் மஸஹு செய்யும், அதாவது அவ்வாறே தடவும், சலுகையும் ஃபிக்ஹு எனப்படும் மார்க்கச் சட்ட நூல்களில் நெடுங்காலமாக விரிவாக ஆராயப்பட்டவை. நோய்க்காக அணியும் அழுத்த உறை இவற்றில் எதன்கீழ் வரும், என்னென்ன நிபந்தனைகளோடு வரும் என்று தீர்ப்பது மார்க்க அறிஞர்களான உலமாக்களின் பணி. அவர்கள் தீர்ப்பதற்குத் தேவையான விவரத்தை, அதாவது உறையைக் கழற்றிய ஒவ்வொரு மணிநேரத்திலும் கால் திரும்ப வீங்கும் என்பதை, எழுத்தில் கொடுப்பது மருத்துவரின் பணி. இவ்விரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால் தீரக்கூடிய சிக்கலுக்காக ஒருவருடைய கால் கெடுவதை எவ்வாறு ஏற்றுக்கொள்வது? தலவில புனித அன்னாள் திருவிழாவுக்கு மணலில் வெறுங்காலோடு நடந்துவரும் யாத்திரிகர்களுக்கும், கரைவலை இழுக்கும் மீனவர்களுக்கும், செருப்பும் சிறு கீறலுக்கு உடனடி மருந்தும் என்ற அறிவுரையை அவரவர் வழிபாட்டிடத்திலேயே சொல்லும் ஏற்பாடு இதைப்போலவே தேவை.

கடலையும் இந்த இடத்தில் மறக்கக்கூடாது. ஒரு மீற்றர் ஆழ நீர், பாதத்தின் மீது 73 மில்லிமீற்றர் பாதரச அளவுக்கு மேல் அழுத்தம் தருகிறது; காலுக்கான பல அழுத்த உறைகளின் அழுத்தம் 30 முதல் 40தான். மார்பளவு நீரில் நடப்பது, மூட்டுக்கு வலியின்றி உடலை அசைத்து, கீழே மிகுதியாகவும் மேலே குறைவாகவும் அழுத்தி நிணநீரை மேலேற்றும். பெண்களுக்கு மறைவான இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டால், அமைதியான பருவத்தில் களப்போரம் இதற்கு வாய்ப்பானது. தோலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் மட்டும் இறங்கக்கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் கிருமிகள் சில நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளோரின் உயிருக்கே உலைவைக்கக்கூடியவை.

எல்லா வீங்கிய கால்களும் நிணநீர் வீக்கமல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இருபுறமும் சமமாகக் கொழுப்புப் படிந்து, தொட்டால் நோகும், பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும் லிப்பெடிமா என்ற நிலை பெண்களுக்கே பெரும்பாலும் வருவது. 1940இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்த அது, உணவுக் கட்டுப்பாட்டுக்கு எளிதில் அசைவதில்லை. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோயாலும் கால்கள் வீங்கும். திடீரென ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் ஆழ்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். முயற்சி எதுவும் இன்றி எடை குறைந்துகொண்டே வர ஒரு கால் வீங்கினால் இடுப்பறையில் கட்டி இருக்கலாம். எடை குறைந்ததே என்று மகிழ்ந்து காலங்கடத்தக்கூடாத நிலைகள் இவை. நீரிழிவால் காலின் நாடிகள் அடைபட்டவருக்கு அழுத்த உறை அணிவித்தால் பாதம் அழுகவும் கூடும் என்பதால், கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையினதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உறை எழுதப்படவேண்டும்.

இவை எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை. 2011 முதல் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமைக்கப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை மையங்களில் எடை, உயரம், குருதியழுத்தம், சீனி ஆகியவை அளக்கப்படுகின்றன. அதே இருக்கையில் காலையும் அளந்து அதே கொப்பியில் எழுத ஒரு நாடாவும் பயிற்சி பெற்ற ஒரு தாதியும் போதும்; அபாயாவுக்குள் காலை மறைத்து ஆண்டுகளைக் கடத்தும் பெண்கள் வெளியே வரவேண்டுமாயின் அந்தத் தாதி பெண்ணாகவும் தமிழ் பேசுபவராகவும் இருக்கவேண்டும். யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தன் நோயாளிகளுக்காகப் பல பத்தாண்டுகளில் திரட்டிய கால் பராமரிப்பு அறிவு, காரணம் புழுவா, புற்றுநோய்ச் சிகிச்சையா, பருமனா என்று பாராமல் வீங்கிய கால் ஒவ்வொன்றுக்கும் திறக்கப்படவேண்டும். மருத்துவம் இலவசமாக இருக்கும் நாட்டில் அழுத்தக் காலுறையும் மாத்திரையைப்போல மருந்தாகவே கணக்கிடப்பட்டு, எடை 5 கிலோகிராம் குறையும்தோறும் மறுஅளவும், தேவையெனில் மறுஉறையும் புத்தளம், கற்பிட்டி வைத்தியசாலைகளிலேயே கிடைக்கவேண்டும். 100 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் கால் தொங்க அமர்ந்து கொழும்புக்குப் போய்வரும் நுரைச்சோலை நோயாளியின் கால், உறை வாங்கப் போன அந்த ஒரே நாளில் வீங்கிவிடுவதால், அங்கே எடுக்கப்படும் அளவே பிழையாகிவிடுகிறது.